மொறிஸ் மைனரில் மின்சாரப் பழுது: எதை முதலில் அளப்பது, எதை எப்போது மாற்றுவது

மொறிஸ் மைனரின் மின்சாரம் சிக்கலானது அல்ல. ஒரு பற்றரி, அதைச் சார்ஜ் செய்யும் ஒரு டைனமோ, டைனமோவின் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ஒரு ரெகுலேற்றர் பெட்டி, பிளக்குக்குப் பொறி தரும் ஒரு கொயில், இரண்டே இரண்டு பியூஸ், கொஞ்சம் பல்புகள், இவற்றை இணைக்கும் வயர்கள். அவ்வளவுதான். அப்படியிருந்தும் புதுப் பற்றரி, புதுக் கொயில், புது ரெகுலேற்றர் எல்லாம் போட்டும் பழுது தீராமல் நிற்கும் மைனர்கள் ஏராளம். பழுது பெரும்பாலும் பாகத்தில் இருப்பதில்லை. பாகத்துக்கு மின் போகும் வழியிலோ, அது பற்றரிக்குத் திரும்பும் வழியிலோதான் இருக்கிறது. கறள் பிடித்த ஒரு இணைப்பு, பெயின்ற் அடித்து மூடிய ஒரு ஏர்த் (மின் காரின் உடல் வழியாகத் திரும்பும் இணைப்பு) ஆணி, உள்ளுக்குள் இற்றுப்போன ஒரு வயர். ஆகவே அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். காசு மிச்சம் என்பதற்காக மட்டுமல்ல: இன்று கிடைக்கும் மாற்றுப் பாகங்கள் பல, நீங்கள் கழற்றி எறியும் பழைய லூக்காஸ் கம்பனிப் பாகத்தைவிடத் தரம் குறைந்தவை.

இங்கே சொல்வது 1956இல் வந்த மைனர் 1000 (948 சீசீ), 1962இல் வந்த 1098 சீசீ ஆகிய இரண்டுக்கும் பொருந்தும். இலங்கையில் இன்னும் ஓடும் மைனர்களில் பெரும்பாலானவை இவையே. லூக்காஸ் டைனமோ பூட்டிய ஒஸ்ரின், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களுக்கும் முறை இதுதான், எண்கள் மட்டும் சிறிது மாறலாம்.

பொசிற்றிவ் ஏர்த்: தொடங்குமுன் பார்க்க வேண்டியது

தொழிற்சாலையிலிருந்து வந்த மைனரில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் பொடியில், அதாவது காரின் இரும்பு உடலில், பூட்டப்பட்டிருக்கும். இன்றைய கார்களுக்கு நேர்மாறு. பற்றரி மாற்றிய யாரோ பழக்கத்தில் நெகற்றிவ்வைப் பொடிக்குக் கொடுத்திருக்கலாம், அல்லது ரேடியோ பூட்டுவதற்காக வேண்டுமென்றே மாற்றியிருக்கலாம். கார் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் கண்ணால் பாருங்கள். பற்றரியிலிருந்து பொடிக்குப் போகும் கேபிள் எந்த முனையில் இருக்கிறது என்பதே விடை.

பொசிற்றிவ் ஏர்த் காரில் மீற்றரின் சிவப்பு முனையைப் பொடியிலும் கறுப்பு முனையைச் சோதிக்கும் இடத்திலும் வைக்க வேண்டும். பற்றரியைக் கழற்றும்போது முதலில் கழற்றுவதும் கடைசியில் பூட்டுவதும் ஏர்த் கேபிள், அதாவது இங்கே பொசிற்றிவ். மற்றதை முதலில் கழற்றினால், கழற்றும் ஸ்பானர் பொடியில் பட்ட கணமே தீப்பொறி.

ஸ்ராட்டர் எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒரே திசையில்தான் சுற்றும். பல்புக்கும் கவலையில்லை. ஆனால் ரேடியோ, எல்ஈடி பல்ப், எலெக்ற்றோனிக் இக்னிசன், டயோட் வைத்த பெற்றோல் பம்ப் ஆகியவை தலைகீழாகக் கொடுத்த உடனே செத்துப்போகும். வாங்கும்போதே பொசிற்றிவ் ஏர்த்துக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள்.

தேவையான கருவிகள்

சாதாரண டிஜிற்றல் மல்ரிமீற்றர் ஒன்று போதும். அதோடு இரண்டு வயர் பிடித்த 12 வோல்ற் 21 வாற் பிரேக் லைற் பல்ப் ஒன்று. இந்தப் பல்பு மீற்றரைவிடப் பல வேளை நல்ல சாட்சி. ஏனென்றால் மீற்றர் மின்னை எடுப்பதேயில்லை. நூறு இழைகளில் ஓர் இழை மட்டும் மிஞ்சிய கேபிளிலும் மீற்றர் 12.6 வோல்ற் என்று காட்டும். பல்பு 1.75 அம்பியர் கேட்கும், கொடுக்க முடியாத வயரை உடனே காட்டிக்கொடுக்கும். இவற்றோடு பித்தளைத் தூரிகை, நுணுக்கமான மண்தாள், வசலின், இரண்டு மீற்றர் நீளத் தடித்த வயரின் இரு முனையிலும் முதலைக் கிளிப் ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பற்றரியும் ஏர்த்தும்

எந்தப் பழுதானாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இரவு முழுதும் நின்ற காரில் பற்றரி 12.6 வோல்ற் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. சார்ஜ் செய்த பிறகே மற்றச் சோதனைகள். இறங்கிய பற்றரியோடு எதை அளந்தாலும் பொய்தான்.

அடுத்தது காரை ஸ்ராட் செய்யும்போது அளப்பது. கொயிலுக்குப் போகும் வெள்ளை வயரைக் கழற்றிவிட்டால் எஞ்சின் சுற்றும், பற்றாது. ஒருவர் ஸ்ராட்டரை இயக்க, மற்றவர் மீற்றரை மூன்று இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1. பற்றரியின் இரு முனைகளுக்கும் இடையே. 9.5 வோல்ற்றுக்குக் கீழே போனால் பற்றரி பலவீனம், அல்லது ஸ்ராட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது.

2. பற்றரியின் ஏர்த் முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையே. 0.3 வோல்ற்றுக்கு மேல் வந்தால் ஏர்த் வழியில் கோளாறு.

3. பற்றரியின் மறு முனைக்கும் ஸ்ராட்டரின் ஆணிக்கும் இடையே. 0.5 வோல்ற்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கேபிளையும் இடையில் உள்ள ஸ்ராட்டர் சுவிச்சையும் பாருங்கள்.

முனைகளை ஈயக் கவ்வியில் அல்ல, பற்றரியின் கம்பத்திலேயே வைத்து அளவுங்கள். கவ்விக்கும் கம்பத்துக்கும் இடையில் உள்ள வெள்ளைப் பூச்சே பல வேளை குற்றவாளி.

இதை ஏன் ஓம் அளவில் பார்க்கக் கூடாது என்று சிலர் கேட்பார்கள். ஸ்ராட்டர் சுற்றும்போது 150 அம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ற் போய்விடும். அந்த 0.01 ஓமை எந்தக் கடை மீற்றரும் காட்டாது, ‘இணைப்பு நன்று’ என்றே சொல்லும். மின் ஓடும்போது வோல்ற் எங்கே தொலைகிறது என்று பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர். லைற்றுக்கும் ஹோர்னுக்கும் இதே முறைதான்.

இரண்டாவது அளவு கூடுதலாக வந்தால் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். எஞ்சினும் கியர்பொக்ஸும் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைப் பொடியோடு இணைப்பது கியர்பொக்ஸ் பக்கத்தில் உள்ள பின்னிய செப்புப் பட்டி ஒன்றுதான். கிளச் வேலைக்குக் கழற்றியவர் திருப்பிப் பூட்டாமல் விட்ட பட்டிகள் எத்தனையோ! அது இல்லாவிட்டால் ஸ்ராட்டரின் மின் முழுதும் சோக் கேபிள் வழியாகவும் அக்சிலரேற்றர் கேபிள் வழியாகவும் திரும்பும். ஸ்ராட் செய்த பிறகு சோக் கேபிள் கை சுடுகிறதா? விடை கிடைத்துவிட்டது. புதுப் பட்டி போடும்போது இரு முனையிலும் பெயின்ற்றைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வசலின் பூசுங்கள். கடற்காற்றும் மாரி மழையும் உள்ள ஊரில் வசலின் இல்லாத ஏர்த் இரண்டு மாரி தாங்காது.

ஸ்ராட்டர் ‘விர்’ என்று சுற்றி எஞ்சினைப் பிடிக்காவிட்டால் அது மின்சாரப் பழுதே அல்ல. முன்னால் ஓடிப் பல்லைப் பிடிக்கும் பினியன் அழுக்கில் ஒட்டியிருக்கிறது. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் காய வைத்துப் பூட்டுங்கள். எண்ணெய் போடாதீர்கள், போட்டால் கிளச் தூசி வந்து மறுபடி ஒட்டும்.

வயரின் நிறம்

லூக்காஸ் நிறக்குறியை மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. மண்ணிறம் பற்றரியிலிருந்து நேரே வருவது, எப்போதும் உயிரோடு இருக்கும். வெள்ளை, சாவி போட்டதும் உயிர் வருவது: கொயில், பெற்றோல் பம்ப். பச்சை, சாவிக்குப் பிறகு பியூஸும் தாண்டி வருவது: பிரேக் லைற், சிக்னல், வைப்பர், பெற்றோல் மீற்றர். நீலம் ஹெட்லைற். அதில் வெள்ளைக் கோடு என்றால் தூர வெளிச்சம், சிவப்புக் கோடு என்றால் டிப். சிவப்பு, சிறு லைற்றுகள். கறுப்பு ஏர்த். மஞ்சள் நிறம் டைனமோவைச் சேர்ந்தது.

ஆனால் நிறத்தை முழுதாக நம்பக் கூடாத கார்களும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் பெற்றோலும் பற்றரியும் இல்லாமல், மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் பல இன்னும் பாவனையில் இருக்கின்றன. கையில் கிடைத்த வயரைக் கொண்டு உயிர்ப்பித்த காரில் சிவப்பு வயர் எதுவாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட காரில் ஒவ்வொரு வயரையும் இரு முனையும் சோதித்து, ரேப்பில் எழுதி ஒட்டிக்கொண்டு போவதே வழி. தொடக்க காலக் கார்களில் துணி சுற்றிய ரப்பர் வயர் இருந்தால் அதை மடித்துப் பார்க்காதீர்கள். உள்ளே ரப்பர் பொடியாய் உதிரும். அதற்கு ஒட்டுப்போடுவது பயனில்லை, முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும்.

இணைப்பு எப்படிக் கெடுகிறது

மைனரின் வயர்கள் சந்திக்கும் இடமெல்லாம் ‘புல்லட்’ இணைப்புத்தான். வயர் முனையில் ஒரு சிறு பித்தளைத் தலை, அது ரப்பர் உறைக்குள் இருக்கும் பிளவுபட்ட குழாயில் போய் இறுகும். ஒன்றை உருவிப் பாருங்கள். தலையின் ஒரு பக்கம் மஞ்சளாய்ப் பளபளக்கும், மற்றப் பக்கம் பச்சைத் தூள் படிந்திருக்கும். குழாயின் பிளவு விரிந்து தளர்ந்திருக்கும். வெளியே ரப்பர் புதிதுபோலவே தெரியும். மழைநீர் வயர் வழியாக வழிந்து ரப்பருக்குள் தேங்குகிறது, வெளியேற வழியில்லை.

தேய்த்துப் போட்டால் சில மாதம் ஓடும். ஆனால் இந்த இணைப்புகள் விலை மலிந்தவை. முன் கிரிலுக்குப் பின்னால் உள்ளவற்றை ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். தலையை மண்தாளால் தேய்த்து, வசலின் தொட்டு, ‘டிக்’ என்று உள்ளே போய் அமரும் வரை குறடால் அழுத்துங்கள். பாதி நுழைந்த தலைதான் குழியில் விழும்போது அணையும் லைற்றுக்குக் காரணம்.

பியூஸ் பெட்டி

இரண்டு பியூஸில் ஒன்று ஏ1–ஏ2, ஹோர்னுக்கும் உள் லைற்றுக்கும். மற்றது ஏ3–ஏ4, பச்சை வயர்களுக்கு. சாவி போட்டதும் பிரேக் லைற், சிக்னல், வைப்பர், பெற்றோல் மீற்றர் எல்லாம் ஒன்றாகச் செத்திருந்தால் ஏ3–ஏ4 தான். ஒன்று மட்டும் செத்திருந்தால் பியூஸில் கை வைக்கத் தேவையில்லை.

ஒரு முக்கிய விடயம். லூக்காஸ் பியூஸில் எழுதியுள்ள 35 அம்பியர், அது எரியும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர்தான். இன்றைய கடையில் 35 அம்பியர் என்று வாங்கும் கண்ணாடிப் பியூஸ் 35ஐத் தொடர்ந்து தாங்கும், அதற்குள் வயர் உருகிவிடும். லூக்காஸ் வகை கிடைக்காவிட்டால் 15 அம்பியர் போடுங்கள். வெள்ளித்தாள் சுற்றிப் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மைனர் எரிவது அப்படித்தான்.

பியூஸ் நல்லாயிருந்தும் மின் தாண்டாவிட்டால் கவ்வியைத் தேயுங்கள். தேய்த்தும் தாண்டாவிட்டால் பெட்டியின் பின்பக்கம் கவ்வியைப் பிடித்திருக்கும் றிவெற் கறள் பிடித்திருக்கும். பெட்டியையே மாற்றுங்கள்.

புதுப் பியூஸ் போட்டதும் எரிந்தால் இன்னொன்றைப் போட்டு எரிக்காதீர்கள். பியூஸ் இருந்த இடத்தில் 21 வாற் பல்பைப் பிடியுங்கள். ஷோர்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், 1.75 அம்பியருக்கு மேல் எதுவும் ஓடாது, எதுவும் சுடாது. இனி ஒவ்வொரு பச்சை வயராகக் கழற்றுங்கள், வயரிங்கை அங்கங்கே அசையுங்கள். பல்பு மங்கும் அல்லது அணையும் இடத்தில் பழுது இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது, எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்பதை.

சார்ஜ் ஆகாத பற்றரி

இதில்தான் அதிகம் பணம் வீணாகிறது. முதலில் சிவப்பு எச்சரிக்கை லைற் சொல்வதைக் கேளுங்கள். அதன் ஒரு பக்கம் சாவியிலிருந்து வரும் பற்றரி மின், மறு பக்கம் டைனமோவின் மின் வெளிவரும் டீ (D) முனை. இரண்டும் சமமானால் அணையும். சாவி போட்டதும் எரியாவிட்டால், பல்பு போய்விட்டது அல்லது டைனமோப் பக்க வயர் அறுந்திருக்கிறது. கார் ஓடும்போது முழுதாய் எரிந்தால் டைனமோ ஒன்றும் தரவில்லை. இரவில் மட்டும் மங்கலாய்த் தெரிந்தால் டைனமோ வேலை செய்கிறது, இடையில் ரெகுலேற்றர் பெட்டியில் அல்லது வயரில் வோல்ற் தொலைகிறது. ஐட்லிங்கில் எரிந்து அணைவது பழுது அல்ல. டைனமோ அந்த வேகத்தில் எதுவும் தராது.

பெல்ற்றை நடுவில் பெருவிரலால் அழுத்தினால் சுமார் 13 மில்லிமீற்றர் உள்ளே போக வேண்டும். அதைச் சரிபார்த்த பிறகு டைனமோவைத் தனியே சோதியுங்கள். டைனமோவில் உள்ள இரு வயர்களையும் கழற்றி, டீ, எஃப் (F, ஃபீல்ட் சுருளின் முனை) இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, அங்கிருந்து பொடிக்கு மீற்றர் வையுங்கள். எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு மெதுவாக வேகம் கூட்டுங்கள். வோல்ற் தடங்கலின்றி ஏற வேண்டும். 20ஐத் தொட்டதும் நிறுத்துங்கள். ரெகுலேற்றர் இல்லாமல் ஓடுவதால் அதற்கு மேல் உதைத்தால் சுருள் எரியும்.

ஒன்றுமே காட்டாவிட்டால் கரித் துண்டுகளைப் பாருங்கள். 8 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்றுங்கள், அவை உரசும் செப்பு வளையமான கொமியூட்டேற்றரைத் துடையுங்கள். அரையிலிருந்து ஒரு வோல்ற் வரை நின்றுவிட்டால் ஃபீல்ட் சுருளில் பழுது. நாலு, ஐந்து வோல்ற்றில் நின்றால் உள்ளே சுழலும் ஆர்மேச்சர் கெட்டது. இருபதுக்கு ஏறினால் டைனமோ நல்லது. அதைக் கழற்றாதீர்கள். மீற்றரை இனி ரெகுலேற்றருக்குக் கொண்டுபோங்கள்.

டைனமோவைக் கழற்றி வேலை செய்திருந்தாலோ, பற்றரியின் பக்கம் மாற்றியிருந்தாலோ, ‘பொலரைஸ்’ செய்ய, அதாவது டைனமோவின் காந்தத்தைச் சரியான பக்கம் திருப்ப, மறக்காதீர்கள். எஃப் முனையின் வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் ஏர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து எஃப் முனையில் இரண்டு மூன்று தரம் தொட்டு எடுங்கள். சிறு பொறி வரும், அவ்வளவுதான். இதைச் செய்யாவிட்டால் உள்ளே எஞ்சியுள்ள காந்தம் தலைகீழாக இருந்து மின்னும் தலைகீழாகவே வரும், கட்அவுட் (டைனமோவைப் பற்றரியோடு இணைத்துப் பிரிக்கும், ரெகுலேற்றர் பெட்டிக்குள் உள்ள சுவிச்) கருகிவிடும்.

ரெகுலேற்றர் பெட்டி ஆர்பீ106/2ஐ (லூக்காஸ் மாதிரி எண்) சோதிக்க, அந்தப் பெட்டியின் ஏ, ஏ1 முனைகளின் (பியூஸ் பெட்டியின் ஏ1 அல்ல) வயர்களைக் கழற்றி அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, பொடியில் படாமல் ரேப் சுற்றுங்கள். மீற்றரை டீ, ஈ (ஏர்த்) முனைகளுக்கு இடையே வைத்து வேகத்தை மெதுவாகக் கூட்டினால் ஓர் இடத்தில் ஏற்றம் நின்று நிலைக்கும். 20 பாகை செல்சியஸில் அது 16.0 முதல் 16.6 வோல்ற் வரை. வெப்பமான நாளில் சிறிது குறைவாகவே காட்டும். இது சுமை இல்லாத அளவு. பற்றரி இணைந்து ஓடும்போது இந்த எண்ணை எதிர்பார்த்துத் திருகாணியைத் திருகினால் பற்றரி கொதித்துவிடும். சோதனையை அரை நிமிடத்துக்குள் முடியுங்கள். நேரம் போனால் சுருள் சூடேறி அளவு மாறும்.

கட்அவுட் 12.7 முதல் 13.3 வோல்ற்றுக்குள் ‘டிக்’ என்று மூட வேண்டும். மூடியைக் கழற்றிய நிலையில் அதை விரலால் அழுத்தி மூடாதீர்கள். பற்றரியின் முழு மின்னும் டைனமோவுக்குள் பாயும். ரெகுலேற்றர் முனைகளை நுணுக்கமான காபொரண்டம் கல்லாலும், கட்அவுட் முனைகளைக் கண்ணாடித் தாளாலும் மட்டும் தேய்த்து, ஸ்பிரிற் தொட்ட துணியால் துடையுங்கள். எமரி தாள் இரண்டுக்கும் ஆகாது. திருகாணியில் கை வைப்பது எல்லாம் முடிந்த பிறகு, அதுவும் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். ஈ முனையின் கறுப்பு வயர் பொடியில் ஒழுங்காய்ப் பூட்டியிருக்கிறதா என்பதை அதற்கு முன்னரே பார்த்திருக்க வேண்டும். அந்த ஏர்த் தளர்ந்தால் ரெகுலேற்றர் வோல்ற்றைத் தவறாய் உணர்ந்து அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்யும், பல்புகள் அடுத்தடுத்து எரிந்துபோகும்.

எல்லாம் சரியாக இருந்தும் பற்றரி இறங்கினால் சுமையைக் கணக்குப் பாருங்கள். லூக்காஸ் சீ40 மாதிரி டைனமோ தருவது அதிகபட்சம் 22 அம்பியர், அதுவும் ஓடும்போது. ஹெட்லைற்றுக்கு ஏழெட்டு, சிறு லைற்றுகளுக்கு இரண்டு, இக்னிசனுக்கும் வைப்பருக்கும் ஆளுக்கு மூன்று என்று போனாலே பதினைந்தைத் தாண்டுகிறது. இதில் ஹலோஜன் பல்ப், பெரிய ஹோர்ன், பாட்டுப் பெட்டி என்று சேர்த்தால் டைனமோவைக் குறை சொல்லக் கூடாது.

நிற்கும்போதே பற்றரி இறங்கினால்

மைனரில் மணிக்கூடோ அலார்மோ இல்லை. சாவி எடுத்து, கதவு மூடிய காரில் எதுவும் ஓடக் கூடாது. ஏர்த் கேபிளைக் கழற்றி, கம்பத்துக்கும் கேபிளுக்கும் இடையில் முதலில் 21 வாற் பல்பை வையுங்கள். எரியாவிட்டால் மீற்றரை அம்பியர் நிலையில் வையுங்கள். நேரே மீற்றரை வைத்தால், ஷோர்ட் இருக்கும் காரில் மீற்றரின் பியூஸ் போய்விடும். 20 மில்லி அம்பியருக்கு மேல் காட்டினால் தேடுங்கள். ஏ1–ஏ2 பியூஸைக் கழற்றினால் நின்றால் உள் லைற் அல்லது ஹோர்ன். ரெகுலேற்றரின் டீ முனை வயரைக் கழற்றினால் நின்றால் கட்அவுட் முனைகள் ஒட்டியிருக்கின்றன. நின்ற காரில் டைனமோ சூடாயிருந்தால் சோதனையே வேண்டாம், உடனே பற்றரியைக் கழற்றுங்கள்.

எஞ்சின் பற்றாவிட்டால்

சாவியைப் போட்டு, டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் மீற்றர் வையுங்கள். பொயின்ற் (டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) திறந்திருக்கும்போது 12 வோல்ற், மூடும்போது 0.2க்குக் கீழே. இரண்டு நிலையிலும் 12 என்றால் பொயின்ற் அழுக்கு, அல்லது உள்ளே தகட்டை ஏர்த் செய்யும் சிறிய பின்னல் வயர் அறுந்திருக்கிறது. இரண்டிலும் பூச்சியம் என்றால், கொயிலுக்கு மின் வரவில்லை, கொயில் உள்ளே அறுந்துவிட்டது, அல்லது பொயின்ற் ஆணியில் உள்ள காப்பு வளையம் இடம் மாறிப் பூட்டப்பட்டிருக்கிறது. கடைசியில் சொன்னதுதான் பொயின்ற் மாற்றிய கையோடு நிற்கும் காரில் முதல் சந்தேகம்.

பொயின்ற் இடைவெளி 0.38 மில்லிமீற்றர், பிளக் 0.64. கொயிலின் முதல் சுற்று சுமார் 3 ஓம் இருக்க வேண்டும். வெளியே தனித் தடையோடு பாவிக்கும் பலாஸ்ற் வகைக் கொயில் 1.5 ஓம், அதைப் போட்டால் பொயின்ற் கருகும். பொசிற்றிவ் ஏர்த் காரில் புதுக் கொயிலின் பொசிற்றிவ் முனைதான் டிஸ்ரிபியூட்டருக்கு, நெகற்றிவ் முனை வெள்ளை வயருக்கு. மாற்றிக் கொடுத்தாலும் கார் ஓடும், ஆனால் மேட்டில் ஏறும்போது இருமும். காரணம், பிளக்கின் நடுக் கம்பி நெகற்றிவ்வாக இருந்தால்தான் பொறி இலகுவாய்ப் பாயும்.

குளிரில் பற்றி, சூடேறியதும் நிற்கும் கார் என்றால் டிஸ்ரிபியூட்டருக்குள் உள்ள கொண்டென்சர் அல்லது அங்கே சுழலும் றோட்டர். றோட்டரைச் சோதிக்க, கொயிலின் தடித்த வயரை அதன் பித்தளைத் தகட்டுக்கு 3 மில்லிமீற்றர் மேலே பிடித்துப் பொயின்ற்றைத் திறந்து மூடுங்கள். பொறி பாய்ந்தால் றோட்டர் உள்ளுக்குள் தண்டுக்கு ஒழுகுகிறது. றிவெற் அடித்த மலிவு றோட்டர்களில் இது வழமை, றிவெற் இல்லாததை வாங்குங்கள்.

கொயிலில் எல்லாம் சரி, சாவி போட்டால் எஸ்யூ பெற்றோல் பம்ப் ‘டக் டக்’ என்று அடிக்கவில்லை என்றால் அதே வெள்ளை வயரையும் பம்ப்பின் ஏர்த்தையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, மெல்லத் தட்டினால் மட்டும் ஓடினால் அதன் பொயின்ற் தேய்ந்திருக்கிறது. நிற்காமல் வேகமாய் அடித்தால் மின்சாரம் அல்ல, தாங்கியில் பெற்றோல் இல்லை அல்லது குழாயில் காற்று.

லைற்றும் மற்றவையும்

மங்கிய ஹெட்லைற்றுக்குப் பெரிய பல்ப் தீர்வு அல்ல. வோல்ற் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். லைற்றை எரியவிட்டு, பல்பின் பின்னால் இரு முனைகளுக்கும் இடையே அளந்து, அதைப் பற்றரியின் அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் என்றால் வழியில் தேட வேண்டும்: ஏர்த், கிரிலுக்குப் பின்னால் உள்ள புல்லட்டுகள், பிறகு காலடியில் மழைநீர் படும் டிப் சுவிச்.

சிக்னல் போட்டால் சிறு லைற்றும் சேர்ந்து துடிக்கிறது, பிரேக் பிடித்தால் மற்ற லைற் மங்குகிறது. இப்படி விசித்திரமாய் நடந்தால் அந்த லைற் கூட்டின் ஏர்த் போய்விட்டது. திரும்ப வழியில்லாத மின் பக்கத்துப் பல்பு வழியாகச் சுற்றிப் போகிறது. பொடியிலிருந்து ஒரு துண்டு வயரைக் கூட்டில் தொட்டுப் பாருங்கள், சரியானால் அங்கேயே முடிந்தது.

ஹோர்னுக்கு மின் எப்போதும் இருக்கும், பொத்தான் ஏர்த்தை மட்டும் கொடுக்கிறது. அதன் மண்ணிறம்–கறுப்பு வயரைப் பொடியில் தொட்டால் ஒலித்தால் பழுது ஸ்ரியரிங் பக்கம். தானாக ஒலித்தால் அந்த வயர் எங்கோ உரசி ஏர்த் ஆகிறது.

பழைய வகைப் பெற்றோல் மீற்றரில் முள் எப்போதும் ‘ஃபுல்’ காட்டினால் தாங்கிக்குப் போகும் வயர் அறுந்திருக்கிறது அல்லது தாங்கிக்கு ஏர்த் இல்லை. எப்போதும் ‘எம்ப்ரி’ என்றால் அந்த வயர் பொடியில் தொடுகிறது. பிந்திய கார்களின் மீற்றர்களில் இது தலைகீழ்.

ஹெட்லைற்றுக்குப் பியூஸ்

தொழிற்சாலை விட்ட ஒரு குறை இது. ஹெட்லைற் வயரில் பியூஸே இல்லை. நீல வயர் ஒன்று மட்காட்டில் உரசினால் வயரிங் முழுதும் உருகும். இரண்டு லைற்றுக்கும் பொதுவாக ஒரு பியூஸ் போடாதீர்கள், இரவில் அது எரிந்தால் ஒரேயடியாக இருட்டு. டிப் சுவிச்சுக்குப் பிறகு நாலு இழைகளுக்கும் தனித்தனியாக 10 அம்பியர் பிளேட் பியூஸ் போடுங்கள். 45 வாற் இழை எடுப்பது 3.75 அம்பியர்தான். பியூஸ் பிடியைப் பல்க்ஹெட்டில் (எஞ்சின் அறையின் பின் சுவரில்), முனைகள் கீழ் நோக்கி இருக்கப் பூட்டினால் தண்ணீர் தேங்காது. அதற்கு 2 சதுர மில்லிமீற்றர் வயரைப் பாவியுங்கள், நிறத்தையும் நீலத்திலேயே வாங்குங்கள். முறுக்கி ரேப் சுற்றாமல், புல்லட் அழுத்தி இணைத்து, வயரை இரண்டு சாணுக்கு ஒரு கிளிப் வைத்துப் பிடித்துவிடுங்கள். முடித்ததும் அரை மணி நேரம் ஹெட்லைற்றை எரியவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இணைப்பை அன்றைக்கே கழற்றித் திருப்பிச் செய்யுங்கள்.